கெடிலக்கரையிலிருந்து சைக்கிளில்

பண்ருட்டி என்றவுடன் நேயர்களுக்குப் பலாப்பழம் ஞாபகத்துக்கு வருவது இயற்கை. ஆனி மாதத்தில் இவ்வூர்க் கடைத்தெருவுக்கு வருகிறவருக்கு வழி சொல்ல வேண்டியதில்லை, மூக்கே வழிகாட்டிவிடும். ஆனால் பலாப்பழத்தை லாரியில் மலைபோல் குவித்திருக்கக் காண்பது ஒரு காட்சி. அதையே ஒரு குடியானவர் சைக்கிள் கேரியரின் இரு பக்கத்திலும் கயிற்றால் பிணைத்து, நடுவிலும் ஒன்றை ஏற்றி, தாம் ஏறி மிதிக்க இடமில்லாமல் தள்ளிக்கொண்டே வருவது வேறொரு காட்சி. இரண்டாவதைக் கண்டவர்களே பண்ருட்டியைக் கண்டவர்கள் என்பது நம் கட்சி.

நாம் இருபது வருஷங்களுக்கு மேலாகப் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளிலேயே போய் வருகிறோம். மோட்டார் சைக்கிள் வாங்கச் சக்தியில்லாத உபாத்தியாயர் என்று யாரும் இரங்க வேண்டாம். சக்தி இருக்கிறது, ஆசைதான் உண்டாகவில்லை. காலை ஏழு மணிக்குச் சைக்கிள் மேல் உட்கார்ந்தால் ஊரின் நாடியைப் பிடித்துப் பார்த்தது போல் இருக்கும். பால் கேன் மாட்டிய வண்டி, பூக்கூடை கட்டிய வண்டி, கொத்தனாரின் கரண்டியும் மட்டக்கோலும் செருகிய வண்டி, சாப்பாட்டுத் தூக்கு ஆடும் வண்டி எல்லாம் அவ்வேளையில்தான் தெருவில் இருக்கும். எட்டரை மணிக்கு மேல் சீருடைக் குழந்தைகளின் ஆட்சி தொடங்கிவிடும். அதன் பிறகு நம் மணியோசையை யாரும் சட்டை செய்வதில்லை.

இந்த வண்டியின் பூர்வோத்தரம் வேடிக்கையானது. சுதந்திரத்துக்கு முன்பு தமிழ்நாட்டில் ஓடிய நல்ல சைக்கிள்களில் பெரும்பாலானவை சீமைச் சரக்கு. அவற்றுள் பேர்போன பி. எஸ். ஏ. என்ற மூன்றெழுத்துக்குப் பர்மிங்ஹாம் சிறு ஆயுதக் கம்பெனி என்று பொருள். துப்பாக்கி செய்தவர்கள்தாம் சைக்கிளும் செய்தார்கள். கூம்பாகச் சாய்த்து நிறுத்திய மூன்று துப்பாக்கிகளே அவர்களுடைய வியாபார முத்திரை. கதர் உடுத்தி அஹிம்சையைப் பிரசாரம் செய்யப் புறப்பட்ட எத்தனை தொண்டர்கள் அந்தத் துப்பாக்கிச் சின்னத்தின் மேல் ஏறிப் போனார்களோ! 1949-ம் வருஷம் சென்னையை அடுத்த அம்பத்தூரில் டி. ஐ. சைக்கிள் தொழிற்சாலை ஏற்பட்டது. பிறகு ஹெர்குலிஸும், பிலிப்ஸும், அதே பி. எஸ். ஏ.யும் நம் ஊர் வண்டிகளாகிவிட்டன.

வாரநாட்களில் சைக்கிள் நமக்கு வேலைக்காரன், ஞாயிற்றுக்கிழமைகளில் தோழன். நம்மோடு இரண்டு சக உபாத்தியாயர்களும், இப்போது எஞ்சினீயரிங் கல்லூரியில் படிக்கும் நம் பழைய மாணாக்கர் சிலரும் சேர்ந்துகொள்வார்கள். இளைஞர்களின் வண்டிகளில் இருபத்தொரு கியர். நம்முடையதில் ஒன்றே ஒன்று. ஆனாலும் மேடு ஏறி முடித்து மரத்தடியில் மூச்சு வாங்கும்போது எல்லோரும் சமமாகவே வாங்குகிறோம்.

முதல் நிறுத்தம் திருவதிகை. பண்ருட்டிக்கு ஒட்டினாற்போல், கெடிலத்தின் வடகரையில் இருக்கும் வீரட்டானம் அது. பக்கத்துத் திருவாமூரில் மருணீக்கியாராகப் பிறந்து, சமணம் புகுந்து, சூலை நோயால் துடித்து, தமக்கையார் திலகவதியாரைத் தேடி வந்து அப்பர் திருநாவுக்கரசரானது இங்கேதான். கோயில்களைப் பற்றிப் பாடியவர்கள் பலர் உண்டு. கையில் உழவாரத்தைப் பிடித்துக் கோயில் வழிகளில் முளைத்த புல்லைச் செதுக்கியவர் அப்பர். சைக்கிள்காரர்களாகிய நமக்கு அவரிடம் தனி அபிமானம் உண்டு. தார் ரோட்டின் விளிம்பு உடைந்து, அதற்கப்பால் கருவேல முள்ளும் கண்ணாடித் துண்டும் கிடக்கும் இடங்களில் அந்த உழவாரத்தை நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடிவதில்லை.

திருவதிகையிலிருந்து திரும்பி, பண்ருட்டியைக் கடந்து தெற்கே நெய்வேலியை நோக்கிச் செல்லும்போது ஒரு விஷயம் தெரியவரும். பஸ்ஸில் நூறு முறை போனவருக்கும் அது தெரிந்திராது. நிலம் மெல்ல மெல்ல உயர்கிறது. கண்ணுக்குத் தட்டுப்படாத அந்த ஏற்றத்தை முழங்கால் சொல்லிவிடும். ஆற்றங்கரையின் வண்டல் மறைந்து செம்மண் தோன்றுகிறது. நெல்லும் கரும்பும் விலகி முந்திரியும் பலாவும் நெருங்குகின்றன. பாதி வழியிலுள்ள காடாம்புலியூர்ப் பக்கம் வந்தால் முந்திரிக் கொட்டை வறுக்கும் புகையின் காரமான நெடி. கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களில் அதன் பால் பட்டுத் தோல் கருகியிருப்பதையும் வண்டியை நிறுத்தினால் காணலாம். பருப்பைப் பாயசத்தில் போடுகிறவர்கள் ஒருமுறையாவது காண வேண்டிய விரல்கள் அவை.

இந்தத் தோப்புகள் பழைய தோப்புகள் அல்ல. 2011-ம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. அன்று சில மணி நேரத்தில் தாத்தா நட்ட பலாவும் தகப்பனார் நட்ட முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மறுநாள் முதல் பல தினங்கள் இந்தப் பகுதியில் சைக்கிள்தான் போக்குவரத்து. விழுந்த மரத்தின் மேல் தூக்கிக் கடத்தக்கூடிய வாகனம் வேறு என்ன இருக்கிறது? பிறகு நட்ட கன்றுகள் இப்போது மரமாகி நிற்கின்றன. ஆனால் நூறு வருஷப் பலாவின் நிழல் பத்துப் பதினைந்து வருஷ மரத்துக்கு வந்துவிடுமா?

நிழலைப் பற்றிப் பேச்செடுத்த பின் பெரிய சாலையைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். விக்கிரவாண்டியிலிருந்து பண்ருட்டி, வடலூர் வழியாகத் தஞ்சாவூர் செல்லும் நெடுஞ்சாலையை நான்கு வழியாக விரிக்கும் வேலை பல வருஷங்களாக நடந்து வந்தது. சாலை அகலமாவதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டியும் அதில்தான் போகிறது. ஆனால் அகலமாகும்போது முதலில் போனவை ஓரத்துப் புளிய மரங்கள். இடுப்பில் வெள்ளைப் பட்டை பூசி, இருபுறமும் காவற்காரர்கள் போல் நின்றவை அவை. இரண்டாவது, சாலையின் நடுவே ஒரு தடுப்பு வந்தது. காரில் போகிறவருக்கு அந்தத் தடுப்பு ரட்சை. சைக்கிளில் போகிறவருக்கு அதன் பொருள் வேறு.

ஒரு நாள் காலை நாம் இடப்பக்கமாகப் போய்க்கொண்டிருக்கையில் பதினோராம் வகுப்புப் பெண்ணொருத்தி அதே ஓரத்தில் நமக்கு நேர் எதிரே வந்தாள். பின்னால் கேரியரில் தம்பி. உபாத்தியாயர் அல்லவா? நிறுத்தி, "ஏம்மா, எதிர்ப்பக்கமா வரலாமா?" என்று கேட்டோம்.

"ஸார், எங்க ஊர் இந்தப் பக்கம், பள்ளிக்கூடமும் இந்தப் பக்கம். சட்டப்படி வரணும்னா அந்தக் கோடியில போய்த் தாண்டி, பள்ளிக்கூடத்தை எதிர்ல பார்த்துக்கிட்டே போயி, இந்தக் கோடியில மறுபடி தாண்டித் திரும்பி வரணும். லாரி போற ரோட்டை ரெண்டு தடவை தாண்டணும் ஸார். தம்பிய வெச்சுக்கிட்டு எப்படி?" என்றாள்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். அவள் சொன்னதுதான் சரி. விதியை மீறினால் எதிரே வரும் லாரி கண்ணுக்குத் தெரியும். விதிப்படி போனால் லாரிகளின் குறுக்கே இரண்டு முறை. நம்மிடம் பதில் இல்லை. "மணி அடித்துக்கொண்டு போ, அம்மா" என்று சொல்லி அனுப்பினோம்.

அந்தப் பெண்ணிடம் சைக்கிள் இருப்பதே பெரிய காரியம் என்பதை மறக்கலாகாது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்துக் கற்க வந்த ஆயிரமாயிரம் கிராமப் பெண்கள் கூடவே சைக்கிளும் கற்றார்கள். கல் உடைக்கும் பெண்களும், வயலில் நாற்று நடும் பெண்களும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மிதித்த காட்சியைப் பரிகசித்தவர்கள் அப்போது உண்டு, இன்று இல்லை. 2001-ல் தமிழ்நாட்டு அரசாங்கம் பதினோராம் வகுப்பு ஆதிதிராவிட, பழங்குடிப் பெண்களுக்குச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. சில வருஷங்களில் அது எல்லா வகுப்பாருக்கும், ஆண் பிள்ளைகளுக்கும் விரிந்தது. பீகாரில் 2006-ல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு இத்தகைய திட்டம் வந்தது. அதைப் பொருளாதார நிபுணர்கள் ஆராய்ந்ததில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் தொகை சுமார் 32 சதவீதம் கூடியிருந்ததாம். பள்ளிக்கூடம் எவ்வளவு தூரமோ அவ்வளவுக்குப் பலன் அதிகம் என்றும் கண்டார்கள். ஆக, வண்டி கொடுத்தாகிவிட்டது. அது ஓட நான்கடி அகலமான ஓரப் பாதையும், குறுக்கே கடக்க ஒரு சுரங்க வழியும், தலைக்கு மேல் கொஞ்சம் நிழலும் கொடுப்பது ஏன் யோசனைக்கு வரவில்லை என்பதுதான் நம் கேள்வி.

செய்ய முடியாத காரியமும் அல்ல. சைக்கிளுக்குப் பேர்போன ஹாலந்து தேசத்தில் ஆதி முதல் இப்படி இருந்ததாகச் சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. அங்கும் மோட்டார் பெருகிச் சைக்கிள்காரர்களை ஒதுக்கியது. 1971-ம் வருஷத்தில் மட்டும் 400-க்கும் அதிகமான குழந்தைகள் சாலை விபத்துக்களில் மாண்டார்கள். பெற்றோர்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்பதே அவர்களுடைய இயக்கத்தின் பெயர். அதன் பிறகுதான் தனிப் பாதைகள் தேசமெங்கும் பரவின.

அவ்வளவு தூரம் போவானேன்? ஆர்ச் கேட்டில் திரும்பி நெய்வேலி நகரியத்துக்குள் நுழையுங்கள். லாரிகளின் இரைச்சல் பின்தங்கிவிடும். நேர் கோடு போட்டாற்போல் சாலைகள்; இருமருங்கும் மரங்கள்; வட்டம் வட்டமாக எண்ணிட்ட குடியிருப்புகள். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலச்சுவான்தார் தம் நிலத்தில் கிணறு இறக்கியபோது கரிய பொருள் ஒன்று வெளிப்பட்டதிலிருந்து தொடங்குகிறது இவ்வூரின் கதை. 1956-ல் நிலக்கரிக் கார்ப்பொரேஷன் ஏற்பட்டது. 1957-ம் வருஷம் மே மாதம் பண்டித நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். மேல்மண்ணை வெட்டி எடுத்துப் பழுப்பு நிலக்கரியின் முகத்தைக் காணவே 1961 ஆகிவிட்டது. இதற்காகப் பல கிராமங்கள் இடம் பெயர்ந்தன. வீட்டையும் ஏரியையும் விட்டுப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் நம் வகுப்பிலும் இருக்கிறார்கள். அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை.

நகரத்தை வகுத்தவர்கள் சைக்கிளை மனத்தில் வைத்து வகுத்தார்களோ, இல்லையோ, நாம் அறியோம். ஆனால் அந்நாளில் தொழிலாளர்களுக்கு வேறு வாகனம் ஏது? சுரங்க வேலை முறை மாறும் நேரத்தில் சைக்கிள்கள் ஆறுபோல் ஓடியதைப் பழைய தொழிலாளர்கள் இன்றும் சொல்கிறார்கள். இப்போது அந்த ஆறு மோட்டார் சைக்கிள் ஆறாகிவிட்டது. ஆனாலும் மரங்கள் இருக்கின்றன. தானே புயலில் இங்கும் எண்ணற்ற மரங்கள் விழுந்தன; மீண்டும் நட்டு வளர்த்திருக்கிறார்கள். சாயங்காலம் சிறு பெண்கள் கையை விட்டு ஓட்டிப் பந்தயம் போடுவதையும், ஓய்வு பெற்றவர்கள் தொப்பி மாட்டி நிதானமாக மிதிப்பதையும் பார்த்தால், அதே பெண்களும் அதே கிழவர்களும் வாயிலுக்கு வெளியே வந்தவுடன் ஏன் உயிரைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றுகிறது. இடையில் இருப்பது ஒரு வளைவுதான்!

வருஷந்தோறும் இங்கே நடக்கும் புத்தகக் கண்காட்சிக்கு நாம் சைக்கிளில்தான் வருவது. கேரியர் கொள்ளும் அளவுக்கு மேல் புத்தகம் வாங்க முடியாது என்பதால் வீட்டிலும் அதற்கு ஆட்சேபம் இல்லை.

நகரியத்தைத் தாண்டித் தெற்கே போனால் தொடுவானில் ஒரு மலைத்தொடர் தெரியும். புதிதாக வருகிறவர்கள் பெயர் கேட்பார்கள். பெயர் ஒன்றும் இல்லை. சுரங்கத்திலிருந்து வெட்டிக் கொட்டிய மண். இந்தச் சமவெளியில் நமக்கென்று இருக்கும் மலை அதுதான்.

வடலூரை அடையும்போது பசி உச்சத்தில் இருக்கும். பசித்தவர் வந்து சேர வேண்டிய இடமும் அதுவே. 1867-ம் வருஷம் மே மாதம் 23-ந் தேதி வள்ளலார் தருமசாலையில் மூட்டிய அடுப்பு அணையாமல் எரிந்து வருகிறது. யார், எங்கிருந்து வந்தீர், எதில் வந்தீர் என்ற விசாரணை அங்கே கிடையாது. வியர்வையில் நனைந்த சட்டையோடு பந்தியில் உட்கார்ந்து சாதமும் சாம்பாரும் சாப்பிடும்போது, கியர் வைத்த வண்டிக்காரரும் நாமும் பக்கத்துப் பக்கத்தில்தான். 1872-ல் திறந்த ஞான சபையைச் சுற்றி வந்து, வெளியே மர நிழலில் அரை மணி படுத்தெழுந்தால் திரும்பும் பலம் வந்துவிடும்.

திரும்புகையில் நாம் பெரிய சாலையை எடுப்பதில்லை. முந்திரித் தோப்புகளுக்கு ஊடே கிராமத்துச் சாலைகள் வளைந்து வளைந்து வடக்கே போகின்றன. தூரம் அதிகம், ஆனால் அங்கே எதிர்ப்படுவது ஆடும் மாட்டு வண்டியும்தான். போன மாதம் அந்த வழியில் ஒரு முள் நம் பின் சக்கரத்தில் ஏறிவிட்டது. அரை மைல் தள்ளிக்கொண்டு போனதும் வேப்பமரத்தடியில் ஒரு பஞ்சர்க் கடை. பெரியவர் ட்யூபை உருவித் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி வந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்தார். ஒரு காலத்தில் மணிக்கணக்கில் வாடகைக்கு விட முப்பது சைக்கிள் வைத்திருந்தாராம். குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் எல்லாம் அவர் வண்டியில்தான் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டார்களாம்.

"இப்ப யாருங்க வாடகைக்கு எடுக்கிறாங்க? பள்ளிக்கூடத்துல வண்டி குடுக்கிற மாசம் வந்தாத்தான் நமக்குப் பொழப்பு. புது வண்டியைத் தள்ளிக்கிட்டு வருங்க, எல்லா நட்டையும் முடுக்கிக் குடுப்பேன். பொம்பளப் புள்ளைங்க பிரேக்க மட்டும் ரெண்டு தடவை பார்க்கச் சொல்லும்" என்றார்.

ஒட்டுப் போட்டுக் காற்றடித்துக் கொடுத்தார். காசு கொடுத்துப் புறப்பட்டபோது, "வாத்தியாரே, இருட்டறதுக்குள்ள ரோட்டத் தாண்டிடுங்க" என்று பின்னாலிருந்து சத்தம் போட்டார். பண்ருட்டி எல்லைக்கு வரும்போது மணி ஆறரை. டைனமோவைச் சக்கரத்தில் தட்டிவிட்டு, தடுப்பில் இடைவெளி வரும் வரை ஓரமாக மிதித்துப் போனோம்.