ஆதிரை இன்னும் அணையவில்லை

மலாக்காவின் புக்கிட் பெருவாங்கில் திருவாதிரைக்காரர்களுக்குக் குறைவிருக்காது. கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் கொடுக்கும்போது நட்சத்திரத்தையும் சேர்த்தே சொல்கிறோம். அந்த நட்சத்திரம் வானத்தில் எது என்று தேடிப் பார்ப்பது அரிது. வேட்டைக்காரன் எனப்படும் விண்மீன் கூட்டத்தின் தோளில் செம்மையாக எரிவதுதான் திருவாதிரை. மேலை நாட்டார் அதைப் பீட்டல்ஜூஸ் என்பார்கள். 2019 கடைசியில் மங்கத் தொடங்கிய அதன் ஒளி, 2020 பிப்ரவரியில் வழக்கத்தில் பாதிக்கும் கீழே போனது. வெடிக்கப்போகிறது என்றார்கள். அது எப்போதோ வெடித்திருக்கும், நம் கண்ணில் படுவது செத்த மீனின் பழைய ஒளி என்றும் சொன்னார்கள். இந்தப் பேச்சு இன்றும் ஓயவில்லை. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அநேகமாகத் தவறு.

திருவாதிரை 500 முதல் 700 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. பரமேஸ்வரா மலாக்காவில் ஆட்சி அமைத்த காலத்தையொட்டிப் புறப்பட்ட ஒளி இப்போது நம்மை வந்தடைகிறது என்று வைத்துக்கொள்ளலாம். இடைப்பட்ட 600 ஆண்டுகளில் அது வெடித்திருக்காதா? அதன் நடுவில் ஹீலியம் எரிந்துகொண்டிருக்கிறது என்றும், இன்னும் ஏறத்தாழ 1,00,000 ஆண்டு தாங்கும் என்றும் ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். லட்சத்தில் 600 என்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அப்படியானால் மங்கியது ஏன்? தானே உமிழ்ந்த வாயு குளிர்ந்து தூசியாகி, அதன் முகத்தை மறைத்தது. ‘சாகக் கிடக்கிறது’ என்ற சொல் பொய்யல்ல. ஆனால் ஒரு கோடி ஆண்டு அளவில் வாழும் மீனுக்கு லட்சம் ஆண்டு என்பது, எண்பது வயது வாழ்பவரின் கடைசிப் பத்து மாதம் மாதிரி. அந்த மாதங்களில் அவர் உயிரோடுதான் இருக்கிறார்.

திருவாதிரை வெடித்துக் கருந்துளையாகும் என்பார் உண்டு. சூரியனைப்போல் பதினைந்து மடங்குக்கும் மேலான எடையோடு பிறந்ததாயிற்றே என்பது அவர்கள் வாதம். ஆனால் முடிவைத் தீர்மானிப்பது உடலின் எடையல்ல, உள்ளே திரளும் இரும்புக் கருவின் எடை. இரும்பை எரித்து ஆற்றல் பெற முடியாது. கரு பெருக்கப் பெருக்க, எலக்ட்ரான்களின் எதிர்ப்பு ஒன்றே அதைத் தாங்கி நிற்கும். அந்தத் தாங்கலுக்கும் எல்லை உண்டு என்று 1930-இல் கணக்கிட்டவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறிய 19 வயது சந்திரசேகர். வெண்குள்ள விண்மீன்களுக்காக அவர் போட்ட கணக்கு பின்பு செம்மையாகி, சூரியனைப்போல் 1.4 மடங்கு என்று நிலைபெற்றது. எல்லை மீறிய விண்மீன் சரிவதை இயற்கை அனுமதிக்காது என்று 1935 ஜனவரியில் வானியலாளர் எடிங்டன் சபையறிய மறுத்தார். இயற்கை அனுமதித்தது. 1983-இல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு வந்தது. எல்லை மீறிய கரு நொடிக்கும் குறைந்த நேரத்தில் சரியும். ஆனால் நியூட்ரான்கள் அதை மறுபடி தாங்கிப் பிடிக்கக்கூடும். அப்படித் தாங்கப்பட்டு, சூரியனைப்போல் இரண்டு மடங்கு கனத்த நியூட்ரான் மீன்களே காணக் கிடைக்கின்றன. கரு அதையும் தாண்டினால்தான் கருந்துளை. சிக்னஸ் எக்ஸ்-1 கருந்துளையின் எடை 21 சூரியன்கள். திருவாதிரை அவ்வளவு தூரம் போகாது. வெடித்தபின் ஒரு நியூட்ரான் மீனை விட்டுச்செல்லும் என்பதே இப்போதைக்கு வலுவான முடிவு.

மார்கழியில் நள்ளிரவையொட்டி வெளியே வந்து அண்ணாந்து பாருங்கள். புக்கிட் பெருவாங்கில் உச்சிக்கு ஐந்து பாகை வடக்கே திருவாதிரை நிற்கும்.