ஈசிஆர்ல ஒரு ஃபோர்ஜ்டு வீல்

மாமல்லபுரம் போற வழியில, டீக்கடை வாசல்ல ஒரு கார். கண்ணு நேரா வீலுக்குத்தான் போச்சு.

விரல் தடிமன்ல பத்து ஸ்போக்.
நடுவுல நல்லா உள்வாங்கி, ரிம் ஓரம் வரைக்கும் ஓடுது. பின்னாடி பிரேக் காலிப்பர் முழுசா தெரியுது.

வார்ப்பு அலாய்ல இவ்வளவு மெலிசா இழைச்சா தாங்குறது கஷ்டம். இது அலுமினியக் கட்டியைச் சூடாக்கி, ஆயிரக்கணக்கான டன் விசையில அழுத்தி, அப்புறம் சிஎன்சி மெஷின்ல குடைஞ்சு எடுக்குறது.

அந்தாண்ட ஐந்து ரதம். 7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பியும் பாறையில வேண்டாததை எடுத்துத்தானே உருவத்தைக் கொண்டுவந்தாரு!

ஆனா போல்ட் குழி ஓரம் உப்புக்காத்து பட்டு, கோட்டிங்குக்கு அடியில வெள்ளையா பூத்திருக்கு. மனசு கேக்கல.

கடலோரத்துல வண்டி வச்சிருக்கவங்களே, பாலிஷா, பவுடர் கோட்டிங்கா? எதுங்க தாங்குது?