பதினைந்து ரூபாய் படம்

அக்காவின் பேத்தி பிரான்சில் இருக்கிறாள். போன தை மாதம் போனில் பேசும்போது, "தாத்தா, கொள்ளுப் பாட்டி போட்டோவை நல்லா பிரிண்ட் போட்டு அனுப்புங்களேன். நீங்க வாட்ஸப்பில் அனுப்பினதைப் பெரிசு பண்ணினா கட்டம் கட்டமாத் தெரியுது" என்றாள். அவளுக்குக் குழந்தை பிறந்து ஆறு மாதம் ஆகிறது. வீட்டுப் பெரியவர்கள் படத்தை எல்லாம் சுவரில் மாட்டப் போகிறாளாம்.

அப்பாவின் டிரங்குப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினேன். நம்ம ஊர்க் கடல் காற்று படங்களை என்ன பாடு படுத்தும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்பா ராணுவ உடுப்பில் இருக்கும் படம் பிரேமின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு விட்டது. 1982-ல் எடுத்த பையனின் முதல் பிறந்த நாள் கலர் படங்கள் எல்லாம் செக்கச் செவேல் என்று வெளுத்துப் போயிருந்தன, கேக்கும் சிவப்பு, நாங்களும் சிவப்பு. ஆனால் அவற்றுக்கு முப்பது வருஷம் மூத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் ஓரத்தில் மட்டும் வெள்ளி மாதிரி மினுங்கிக்கொண்டு அப்படியே இருந்தன. கலர் படத்தில் இருப்பது சாயம், கறுப்பு வெள்ளையில் இருப்பது நிஜமாகவே வெள்ளி. அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர் ஒழுங்காகக் கழுவி எடுத்திருந்தால் நம் ஆயுசையும் தாண்டி நிற்கும்.

அவள் கேட்ட படம் அதில்தான் இருந்தது. 1953-ல் எடுத்தது. நாற்காலியில் அம்மா. பக்கத்தில் ஒன்பது வயது அக்கா. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு நான்கு வயதில் நான். அம்மா மடியில் தம்பி. படம் எடுக்கிற நேரம் பார்த்துத் தலையைத் திருப்பிவிட்டான், முகம் இருக்க வேண்டிய இடத்தில் புகை மாதிரி ஒரு மங்கல். திரும்ப எடுக்கக் காசில்லை. ஒரே ஒரு பிரதி போட்டு வாங்கினோம், அதுவும் எங்களுக்காக இல்லை, சைகோனில் இருந்த அப்பாவுக்கு.

அப்பா சொல்தா. 1952-ல் கப்பல் ஏறினார். தம்பி பிறந்தது அதற்குப் பிறகு. அந்த மழைக் காலத்திலேயே காய்ச்சலில் போய்விட்டான். அப்பா திரும்பி வந்தது 1955-ல். அவர் போகும்போது ஊரில் பறந்த பிரெஞ்சுக் கொடி, வரும்போது இல்லை, 1954 நவம்பர் 1-ந் தேதியே இறக்கியாகிவிட்டது. தம்பியும் இல்லை. அப்பா தன் கடைசிப் பிள்ளையைப் பார்த்தது இந்தப் படத்தில் மட்டும்தான். சட்டைப் பையில் வைத்திருந்ததால் படத்தின் குறுக்கே ஒரு மடிப்பு.

படத்தின் பின்புறம் 'கார்த் போஸ்தால்' என்று அச்சடித்திருக்கும். அந்தக் காலத்தில் ஸ்டூடியோக்களில் தபால் அட்டைத் தாளிலேயே பிரதி போட்டுக் கொடுப்பார்கள். அதில் நீல மசியில் பிரெஞ்சில் இரண்டு வரி. அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அடுத்த தெரு முசே ஒருவரிடம் சொல்லி எழுதி வாங்கியது. எனக்குப் பத்து வயதில், பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்ததை வைத்துக்கொண்டு, அம்மாவுக்கு அதை வாசித்துத் தமிழில் சொன்னேன். 'நம் மூன்று பிள்ளைகள். சின்னவனுக்கு உங்கள் நெற்றி' என்று இருந்தது. அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "நான் நெத்தின்னு சொல்லலடா. காதுன்னுதான் சொன்னேன். அந்த முசே சரியாவே கேக்கல" என்றாள்.

முதலில் ஒரு பெரிய ஸ்டூடியோவில் விசாரித்தேன். பழைய படத்தைச் சரி செய்து பெரிதாகப் போட ஒன்றுக்கு 800 ரூபாய் என்றார்கள். மொத்தம் பதினோரு படம். பென்ஷன்காரனுக்குக் கட்டுப்படியாகாது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ், பாஸ்போர்ட் போட்டோ, டிக்கெட் புக்கிங் எல்லாம் சேர்ந்த சின்னக் கடை ஒன்று. அங்கே ஸ்கேன் 20 ரூபாய், நாலுக்கு ஆறு பிரிண்ட் 15 ரூபாய். பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். கண்ணாடியில் ஒட்டிய அப்பா படத்தை நான் நகத்தால் நெம்பப் போனேன், "அய்யா, உரிக்காதீங்க, மேல் தோல் கண்ணாடியோட வந்துடும். கண்ணாடியோடவே ஸ்கேன் பண்ணிக்கலாம்" என்று தடுத்தான். விஷயம் தெரிந்த பையன்தான். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் வாங்கிப் பார்த்தபோது கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். தம்பிக்கு முகம் வந்திருந்தது. கண், மூக்கு, உதடு, எல்லாம் தெளிவாக, கொழுகொழு என்று கேமராவைப் பார்க்கிறான். எழுபது வருஷமாக எனக்கு அவன் ஒரு புகைதான். எனக்கு அவனைத் துளியும் ஞாபகம் கிடையாது. அந்த நேரத்தில் என் மனசு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. பையன், "ஏஐ போட்டேன் அய்யா, தனியா காசு இல்ல" என்றான். கூட ஐம்பது ரூபாய் கொடுத்தேன்.

அப்படியே முத்தியால்பேட்டைக்கு ஆட்டோ பிடித்து அக்காவிடம் போனேன். அக்காவுக்கு எண்பத்திரண்டு. புரை ஆபரேஷன் ஆன பிறகு பார்வை என்னைவிட நன்றாக இருக்கிறது. படத்தை வாங்கி முதலில் அம்மாவைத்தான் பார்த்தாள்.

"அம்மாவோட தழும்பு எங்கடா?"

அப்போதுதான் நானும் கவனித்தேன். அம்மாவுக்குச் சின்ன வயதில் பெரியம்மை வந்து கன்னம் முழுக்க வடு. படத்தில் இருக்கிற அம்மாவுக்குக் கன்னம் சோப்பு விளம்பரத்தில் வருகிற மாதிரி வழவழ. பிறகு தம்பியின் மேல் விரலை வைத்தாள். வெகு நேரம் வைத்திருந்தாள்.

"இது யாரு புள்ளடா?"

"தம்பிதான் அக்கா. கம்ப்யூட்டர்ல சரி பண்ணினது."

"இவன் இல்ல. அவனுக்கு அப்பா காது. விடைச்சுக்கிட்டு நிக்கும். நான்தானே இடுப்புல தூக்கிட்டுத் திரிஞ்சேன், எனக்குத் தெரியாதா? இது வேற புள்ள."

இந்தப் படத்தில் காது தலையோடு படிந்து, அளவெடுத்து வைத்தது போல இருந்தது.

எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது, அக்கா மேல்தான். கிடைத்த முகத்தை உடனே பிடுங்கிக்கொள்கிறாளே என்று. இரண்டு நாள் அந்தப் படத்தை எடுத்து எடுத்துப் பார்த்தேன். முன்னே அந்த மங்கலைப் பார்த்தால், தம்பி தலையைத் திருப்பினான், அந்த நேரத்தில் உயிரோடு அசைந்தான் என்றாவது இருக்கும். இதில் அதுவும் இல்லை. இன்னும் இருபது வருஷம் போனால் அக்காவும் இருக்க மாட்டாள், நானும் இருக்க மாட்டேன். பிரான்சில் இருக்கிற குழந்தை இந்த முகத்தைத்தான் நிஜம் என்று நினைக்கும்.

மூன்றாம் நாள் கடைக்குப் போய்ப் பையனின் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அவன் மேல் தப்பு சொல்ல முடியாது. வருகிறவர்கள் எல்லாரும் முகத்தைப் பளிச்சென்று ஆக்கு என்றுதான் கேட்கிறார்களாம். "முகத்தில் எங்கேயும் கை வைக்காதே தம்பி. பின்னால் இருக்கிற திரையில் பூஞ்சைப் புள்ளி இருக்கிறது, அதை மட்டும் எடு" என்றேன். "மடிப்பு அய்யா?" "அது இருக்கட்டும்." "குழந்தை மங்கலா இருக்கே?" "அதுவும் இருக்கட்டும்." அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

ஸ்கேனை 600 புள்ளியில் எடுக்கச் சொன்னேன். இந்தக் கணக்கு குமாஸ்தா புத்திக்குப் பிடித்துப் போனது. படம் மூன்றரைக்கு ஐந்தரை அங்குலம். அங்குலத்துக்கு 600 என்றால் 2100-க்கு 3300. பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 300 போதும், ஆகவே ஏழுக்குப் பதினொன்று அளவு வரை கட்டம் தெரியாமல் பெரிசு பண்ணலாம். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், டாக்குமென்டாக அனுப்ப வேண்டும். இதையும் அவன்தான் சொல்லிக் கொடுத்தான். பின்பக்கத்தையும் ஸ்கேன் பண்ணு என்றதும், "பின்னாடி என்ன அய்யா இருக்கு?" என்று திருப்பிப் பார்த்தான். வாசித்துச் சொன்னேன். காது விஷயத்தையும் சொன்னேன். பின்பக்கத்துக்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டான்.

மினுங்காத தாளில், முன்னும் பின்னும், ஐந்து செட். பிரான்சுக்குப் போனதில் யார் யார் என்று ஒரு சீட்டில் எழுதி, 'நெற்றி அல்ல, காது' என்று பிரெஞ்சிலும் எழுதி வைத்தேன். அசலை அமிலம் இல்லாத தாள் கிடைக்காததால் வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, டிரங்கில் இல்லாமல் பீரோவின் நடுத் தட்டில் வைத்திருக்கிறேன்.

அக்காவுக்குப் புதுப் படத்தைக் கொடுத்தபோது, பழைய பிரிண்டைத் திருப்பிக் கேட்டேன், கிழித்துப் போட்டுவிடலாம் என்று. தரவில்லை. டெலிபோன் டைரிக்குள் வைத்திருக்கிறாள்.

"யாரு பெத்த புள்ளயோ, சிரிச்சுக்கிட்டு இருக்கான். கிழிக்க மனசு வரலடா" என்றாள்.