சிலைக்கு மண் கட்டுகிறவர்

சுவாமிமலைப் பட்டறைகளில் அளவுகோல் தென்னை ஓலைதான். செய்யப்போகும் சிலையின் உயரத்துக்கு ஸ்தபதி ஓலையை நறுக்கிக்கொள்கிறார். ஈர்க்கை உரித்துப் போட்டுவிட்டு, மிஞ்சிய நாடாவை மடிக்க ஆரம்பிக்கிறார். மடிப்பு விழுந்த இடங்கள்தான் அளவுகள். முகம் எதுவரை, மார்பு எதுவரை, தொப்புள் எங்கே, முழங்கால் எங்கே என்பதெல்லாம் அந்த மடிப்புகளில் அடங்கிவிடுகிறது. இதை ஒடியோலை என்கிறார்கள். அதில் ஓர் எண்கூடக் கிடையாது. சிறிய சிலைக்குச் சிறிய ஓலை, பெரிய சிலைக்குப் பெரிய ஓலை. மடிக்கும் முறை மட்டும் மாறுவதில்லை. ஒரு சிலைக்கு மடித்த ஓலை வேறு உயரமுள்ள சிலைக்கு உதவாது.

நான் ப்ராடக்ட் டிசைன் படிக்கிறேன். ஒரு கைத்தொழிலை நேரில் இருந்து பார்த்து, அதன் செய்முறையைப் படங்களோடு பதிவு செய்வது எங்கள் படிப்பில் ஒரு பகுதி. அதற்காகக் கும்பகோணத்தில் தங்கி, பஸ்ஸில் சுவாமிமலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். வகுப்பில் எங்களுக்குச் சொல்லித்தரும் வரிசை இப்படி இருக்கும்: பயன்படுத்துகிறவரைக் கவனிக்க வேண்டும், தோன்றுவதையெல்லாம் வரைந்து தள்ள வேண்டும், அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், மாதிரி செய்ய வேண்டும், திருத்த வேண்டும். படைப்பு என்பது இதில் முன்பாதியில், தாளின் மேல் நடந்து முடிந்துவிடுகிறது என்ற எண்ணம் மாணவர்களான எங்களுக்கு ஊறிப்போயிருக்கிறது. யாரோ அச்சு எடுப்பார்கள், யாரோ வார்ப்பார்கள். அதெல்லாம் வேலை, வடிவமைப்பு எங்களுடையது. சுவாமிமலையில் பார்த்தவற்றை வைத்துச் சொல்கிறேன், இந்தப் பிரிவினை தவறானது. நல்ல பொருள் உருவாக அது தடையாகவும் இருக்கிறது.

முதலில் அளவைப் பற்றி. சிற்ப நூல்கள் உருவத்தைத் தாளக் கணக்கில் சொல்கின்றன. சிவன், திருமால் போன்ற முதன்மைத் தெய்வங்களுக்கு உத்தம தசதாளம், அதாவது 124 அங்குலம். தேவியருக்கு மத்திம தசதாளம், 120 அங்குலம். பிள்ளையாருக்கு ஐந்து தாளம். இந்த அங்குலம் கடையில் வாங்கும் ஸ்கேலில் இருப்பதன்று. அந்தந்தச் சிலையின் உயரத்தையே வகுத்துக் கிடைப்பது. சிலை வளர்ந்தால் அங்குலமும் வளரும். கழுத்து, முழங்கால், பாதத்தின் உயரம் மூன்றும் ஒரே அளவு. தொடையின் நீளமும் கணைக்காலின் நீளமும் ஒன்று. ஓர் உறுப்பு தெரிந்தால் மற்றதெல்லாம் தெரிந்துவிடும்.

இவ்வளவும் முன்கூட்டியே முடிவாகிவிட்டால் சிற்பிக்கு என்ன மிச்சமிருக்கிறது என்று டிசைன் படிக்கிறவர்கள் உடனே கேட்பார்கள். அவர்கள் தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்கு ஒருமுறை போய், திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகன தேவரின் முன்னால் நிற்க வேண்டும். 1011ஆம் ஆண்டைச் சேர்ந்த, ராஜராஜன் காலத்துப் படிமம் அது. ஒரு காலை மாற்றி வைத்துக்கொண்டு காளையின் மேல் கையைச் சாய்த்து நிற்கிறார். காளை இப்போது இல்லை. ஆனாலும் அதன் முதுகு எந்த உயரத்தில் இருந்திருக்கும், எவ்வளவு சாதுவாக அது நின்றிருக்கும் என்பதைக்கூட அந்தக் கையே சொல்லிவிடுகிறது. உருவத்தின் நடுவே செங்குத்தாகத் தொங்கும் அளவு நூலிலிருந்து இடுப்பு எவ்வளவு விலக வேண்டும், தோள் எவ்வளவு தாழ வேண்டும், கை எந்தத் தளர்ச்சியில் கிடக்க வேண்டும் என்பது சிற்பியின் தீர்ப்பு. நீளங்களைப் பற்றிய கவலையை ஓலை எடுத்துக்கொண்டதால், அவருடைய கவனம் முழுவதும் அந்த ஒசிவுக்குப் போயிருக்கிறது. விதி சிற்பியைக் கட்டிப்போடுகிறது என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஓலைக்குப் பிறகு மெழுகு. தேன்மெழுகு, குங்கிலியம், கடலை எண்ணெய் மூன்றையும் உருக்கி வடிகட்டிச் சேர்க்கிறார்கள். பாரஃபினும் இப்போது கலக்கிறது. தலை, உடல், கைகள் எல்லாம் தனித்தனியாக உருவாகி, காய்ச்சிய இரும்பு முனையால் ஒட்டப்படுகின்றன. நான் உட்கார்ந்திருந்த பட்டறையில் அம்மன் சிலையின் வலக்கையை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஸ்தபதி ஒட்டினார், எழுந்துபோய்த் தூரத்திலிருந்து பார்த்தார், திரும்பி வந்து மூட்டைச் சூடாக்கி நகக்கண் அளவு திருப்பினார். மறுபடி எழுந்தார். இது வெகுநேரம் நடந்தது. "ஐயா, இதை முதல்லயே வரைஞ்சு பார்த்துட்டா என்ன?" என்று கேட்டேன். "வரைஞ்சா ஒரு பக்கம்தாம்மா தெரியும். இவளைச் சுத்திப் பார்க்கணும்" என்றார். உற்சவமூர்த்தி வீதியில் நாலு பக்கமும் பார்க்கப்படுகிறவர். அவருடைய முதுகையும் பின்கொண்டையையும் சிரத்தையோடு செய்திருப்பதன் காரணம் இதுதான்.

மெழுகு முடிந்ததும் வடிவம் முடிந்துவிட்டது என்று எண்ணி, என் குறிப்பேட்டில் ஒரு கோடு இழுத்து, அடுத்து 'தயாரிப்பு' என்று தலைப்புப் போட்டிருந்தேன். அப்போதுதான் மண் கட்டுகிறவர் வந்தார். வயதானவர். மெழுகுச் சிலையைத் தலைகீழாகக் கவிழ்த்தார், பக்கவாட்டில் திருப்பினார், விரல் இடுக்குகளைப் பார்த்தார். பிறகு இடுப்புத் துணியின் ஓரம் பிரிந்து தொங்கும் நுனியைத் தொட்டுக் காட்டி, "இது ரொம்ப மெல்லிசா இருக்கு, உலோகம் ஓடாது" என்றார். ஸ்தபதி ஒரு வார்த்தையும் மறுத்துப் பேசவில்லை. நுனியில் மெழுகு ஏற்றித் தடிமனாக்கினார். தடித்த நுனி விறைப்பாகத் தெரிந்ததால் அதன் வளைவையும் கொஞ்சம் மாற்றினார். அந்த வளைவு முதலில் இருந்ததைவிட அழகாக இருந்தது. அதை யார் வடிவமைத்தார்கள் என்று கேட்டால், இரண்டு பேரும்தான்.

அதற்குப் பிறகு அவருடைய வேலையை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. உலோகம் உள்ளே போகவும் காற்று வெளியேறவும் மெழுகிலேயே குழல்கள் ஒட்ட வேண்டும். எங்கே ஒட்டுவது என்பது பெரிய கணக்கு. சிலையின் எந்தப் பகுதிக்கும் உலோகம் ஆறுவதற்குள் போய்ச் சேர வேண்டும். குழலை வெட்டிய தழும்பு முகத்திலோ நகையிலோ விழக்கூடாது. தூக்கிய கைகளுக்கும் உடலுக்கும் நடுவே மெல்லிய மெழுகுப் பாலங்கள் வைக்கிறார். மண்ணின் பாரத்தில் கை ஒடியாமல் அவை தாங்குகின்றன, உலோகத்துக்கும் இன்னொரு வழியாகின்றன. பின்னால் உளி அவற்றை நீக்கிவிடும். முடிந்த சிலையில் இந்தச் சிந்தனையின் சுவடே இருக்காது.

முதல் பூச்சு காவிரி வண்டல். உமிக்கரி சேர்த்து அரைத்து, மெழுகின் மேல் பூசுகிறார். நகத்தால் கீறிய கோட்டைக்கூட அந்த மண் அப்படியே வாங்கிக்கொள்ளும். ஸ்தபதிகளின் முன்னோர் சுவாமிமலையில் வந்து தங்கியதற்கு இந்த வண்டலே காரணம் என்று ஊரில் சொல்கிறார்கள். பூசியதை நிழலில் உலர்த்த வேண்டும். வெயில் பட்டால் உள்ளே மெழுகு இளகிவிடும். அடுத்த பூச்சு வயல் மண்ணும் மணலும். அதற்கும் மேலே இன்னும் கரடான மண், பெரிய சிலையானால் இரும்புக் கம்பிக் கட்டு. உமிக்கரி மண்ணுக்குள் நுண்ணிய துளைகளை உண்டாக்குகிறது, ஆவி அதன் வழியே தப்பிக்கிறது. மணல் மண்ணை வெடிக்காமல் காக்கிறது. ஒவ்வொரு பூச்சும் முற்றிலும் காய்ந்த பிறகே அடுத்தது. காய்ந்துவிட்டதா என்பதை விரலால் தட்டிச் சத்தத்தில் தெரிந்துகொள்கிறார். ஐப்பசி அடைமழையில் மண் காய மறுக்கும். குடமுழுக்குத் தேதி குறித்துவிட்டு வருகிறவர்களிடம் ஸ்தபதி நாள் சொல்வதற்கு முன்னால் மண் கட்டுகிறவரைத்தான் திரும்பிப் பார்க்கிறார்.

வார்ப்பு சுருக்கமாக முடிந்துவிடுகிறது. மண்கட்டை வறட்டி அடுக்கிச் சுடுகிறார்கள், மெழுகு உருகி வழிந்து வெற்றிடம் மிஞ்சுகிறது. கோயிலுக்கான சிலைகள் உள்ளே பொள்ளல் இல்லாத கனவார்ப்பு என்பதால் மெழுகின் எடையை முன்பே நிறுத்து வைத்திருப்பார்கள். அதைப்போல் எட்டு ஒன்பது மடங்கு உலோகம் வேண்டும். செம்புதான் பெரும்பங்கு; அதோடு பித்தளையும் ஈயமும், வேண்டுதலாக வரும் துளி வெள்ளியும் பொன்னும். தாரை அறாமல் ஊற்ற வேண்டும். நடுவில் தடைபட்டால் சிலை அங்கே பிளந்துபோகும்.

2023இல் டெல்லி ஜி20 மாநாட்டு அரங்கின் முன்னால் நிறுத்திய நடராஜர் சுவாமிமலையில் செய்யப்பட்டவர். 27 அடி உயரம், 18 டன் எடை. அந்தச் செய்திகளில் உயரமும் எடையும் திரும்பத் திரும்ப வந்தன. மெழுகை உருக்கி வெளியேற்றி வார்க்கும் முறையில் அந்த அளவுக்கு ஒரு சிலை செய்ய மண்ணை எப்படித் தாங்கவைத்தார்கள், எப்படி உலர்த்தினார்கள் என்பது எனக்கு அந்த எண்களைவிடப் பெரிய ஆச்சரியம். அது யாராவது விரிவாக எழுத வேண்டிய கதை.

மண்ணை உடைத்து எடுத்த சிலை கறுத்து, சொரசொரப்பாக, குழல் தண்டுகளோடு கிடக்கும். இங்கிருந்து வேலை உளிக்காரர்கள் கைக்குப் போகிறது. அரம் போட்டு, நகையின் முத்துகளையும் துணியின் மடிப்புகளையும் உளியால் தெளிவாக்குகிறார்கள். நாள் அதிகம் பிடிப்பது இதற்குத்தான். சோழர் படிமங்களில் நுணுக்கமெல்லாம் மெழுகிலேயே முடிந்துவிட்டது, இன்று உளிவேலை கூடிவிட்டது என்று கலை வரலாற்றாசிரியர்கள் சொல்வதுண்டு. பட்டறையிலும் மூத்தவர்கள் அதை ஒப்புக்கொள்கிறார்கள். கண் திறப்பது கடைசியில்.

எங்கள் துறையில் 1958ஆம் ஆண்டின் இந்திய அறிக்கையை எல்லோரும் படிப்போம். அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்ல்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் இந்திய அரசுக்காக எழுதியது. அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1961இல் தோன்ற அதுவே வித்து. அதில் அவர்கள் கொண்டாடிய பொருள் நம் வீட்டுத் தண்ணீர்ச் செம்பு. தனியொருவர் செய்ததில்லை, பல தலைமுறைகள் சேர்ந்து செய்தது என்பதுதான் அவர்களை ஈர்த்தது. இதைப் படித்துப் பரவசப்படும் நாங்கள், மதிப்பெண் போடும் இடத்தில் ஒருவருடைய 'யோசனை'யை மட்டும் தேடுகிறோம். பட்டறைக்கு வெளியிலும் இதே நிலைதான். சிலையை வாங்குகிறவர்களுக்கு ஸ்தபதியின் பெயர் தெரிகிறது, தெரியவும் வேண்டும். மண் கட்டுகிறவரும் உளிக்காரரும் தினக்கூலியாக வந்து போகிறார்கள். அவர்களுடைய தீர்ப்புகள் சிலையில் இருக்கின்றன. அவர்கள் இருந்ததற்கான பதிவு எங்குமில்லை. இளம் பையன்கள் மெழுகு வேலை கற்க வருகிறார்கள், மண் வேலைக்கு வருகிறவர்கள் குறைவு என்று பட்டறையில் கவலைப்பட்டார்கள். பெயரும் வருமானமும் இல்லாத இடத்துக்கு யார் வருவார்கள்?

என் குறிப்பேட்டில் 'தயாரிப்பு' என்ற தலைப்பை எடுத்துவிட்டேன். சிலையின் குறுக்குவெட்டுப் படத்தில் மண்ணின் அடுக்குகளையும் குழல்களையும் சிலைக்குக் கொடுத்த அதே கவனத்தோடு வரைந்திருக்கிறேன். எந்த முடிவை யார் எடுத்தார் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிரே குறித்திருக்கிறேன். அடுத்த பருவத்தில் ஒரு குத்துவிளக்கு செய்யவேண்டியிருக்கிறது. விளக்கு வார்க்கும் நாச்சியார்கோயில் இங்கே பக்கத்தில்தான் இருக்கிறது. தண்டு எவ்வளவு மெலியலாம், எந்த இடத்தில் பிரித்து மரை வைக்கலாம், மண்ணச்சிலிருந்து எந்த வளைவு பிடிவாதம் செய்யாமல் வெளியே வரும் என்று வார்ப்புக்காரரிடம் முதலில் பேசப்போகிறேன். அவரும் பென்சில் பிடிக்கச் சம்மதித்தால், முதல் படத்தை இரண்டு பேருமாக வரைவோம்.