பழையது ஏன் இன்னும் போகவில்லை?



நம் பங்கு மன்றத்தின் கூரையில் புரொஜெக்டர் ஒன்று தொங்குவதை நீங்கள் அறிவீர்கள். 2009-ஆம் ஆண்டில் பங்கு மக்கள் பணம் சேர்த்து வாங்கித் தந்தது அது. அதினின்று புறப்படும் கேபிள் கூரைமீது ஓடி, சுவருக்குள் இறங்கி, மேடையருகே ஒரு சிறு பெட்டியில் முடிகிறது. அம்முனையில் பதினைந்து பின்களுக்கான இடம் மூன்று வரிசையாக அமைந்திருக்கும். இருபுறமும் திருகுகள் உண்டு. வி.ஜி.ஏ. என்பது அதன் பெயர். அதன் பொருட்டு நாம் ஒரு நாள் தலைகுனிய நேர்ந்ததையும், அதனால் கற்றதையும் இம்மாதம் எழுதக் கருதினோம்.

2023-ஆம் ஆண்டு மே மாதத்தில், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளுக்கும் அவர்தம் பெற்றோருக்கும் மேற்படிப்பு பற்றிய கூட்டம் ஒன்றை ஒழுங்கு செய்திருந்தோம். எந்தப் படிப்புக்கு என்ன கட்டணம், எந்த நாளுக்குள் விண்ணப்பிப்பது, கல்விக் கடன் பெறுவது எவ்வாறு என்பவற்றைத் திரையில் காட்டி விளக்கப் பேராசிரியர் ஒருவர் வந்திருந்தார். அரைநாள் கூலியை இழந்து வந்த தந்தையர் பலர் முன்வரிசையில் அமர்ந்திருந்தனர்.

பேராசிரியரின் மடிக்கணினி புதியது. அதில் எச்.டி.எம்.ஐ. எனும் புதுவகை இணைப்பு மட்டுமே உண்டு. இதனை முன்னரே கேட்டறிந்து, ஒரு முனை எச்.டி.எம்.ஐ.யாகவும் மறுமுனை வி.ஜி.ஏ.வாகவும் உள்ள மலிவான கேபிள் ஒன்றை நாமே வாங்கி வைத்திருந்தோம். இளைஞர் குழுவைச் சேர்ந்த தம்பி ஒருவன் அதனைச் செருகினான். திரை கறுத்தே கிடந்தது. கழற்றினான், மீண்டும் மாட்டினான். முக்கால் மணி நேரம் கழிந்தது. "ஃபாதர், கேபிள்லதான் ஏதோ கோளாறு" என்றான். நாமோ அத்தனை பேர் முன்னிலையிலும், "தெரியாத வேலையில் ஏன் கை வைக்கிறாய்?" என்று கடிந்துகொண்டோம். பேராசிரியர் வாய்மொழியாகவே பேசி முடித்தார். நாள்களையும் தொகைகளையும் சரியாகக் குறித்துக்கொள்ள இயலாமல் பலர் வீடு திரும்பினர். தம்பியும் அதன்பின் மன்றத்துப் பக்கம் வரவில்லை.

மறுநாள் மின்பணி செய்யும் பெரியவர் ஒருவர் வந்து அந்தக் கேபிளைக் கையில் வாங்கிப் பார்த்தார். "சாமி, தம்பி மேல தப்பில்ல. ரெண்டு பாஷைக்கு நடுவுல இதுல மொழிபெயர்க்க ஆளே இல்லையே" என்றார்.

அவர் விளக்கியது இது. எச்.டி.எம்.ஐ. படத்தை எண்களாக மாற்றி அனுப்புகிறது. வி.ஜி.ஏ.வோ சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களின் கூடுதல் குறைவை மின்னழுத்தத்தின் கூடுதல் குறைவாகவே அனுப்புகிறது. ஒன்றை மற்றொன்றாக்க இடையில் ஒரு சில்லு வேண்டும். வெறும் கம்பியால் அது ஆகாது. நாம் வாங்கியது வெறும் கம்பியே.

அப்படியாயின் இவ்விரண்டும் ஒரே காலத்தில் உலவுவானேன்? இக்கேள்வி நம்மை விடவில்லை. வி.ஜி.ஏ.வை ஐ.பி.எம். நிறுவனம் 1987-ஆம் ஆண்டில் வெளியிட்டது. நாம் குருமடத்தில் காலடி வைத்ததும் அவ்வாண்டே. அது கண்ணாடிக் குழாய்த் திரைகளின் காலம். அத்திரைகளுக்கு ஏற்றவாறே அது அமைந்தது. பின்னர் 1999-இல் டி.வி.ஐ., 2002-இல் எச்.டி.எம்.ஐ., 2006-இல் டிஸ்பிளேபோர்ட் என ஒன்றன்பின் ஒன்றாகப் புதியவை வந்தன. இன்டெல், ஏ.எம்.டி., டெல், லெனோவோ, சாம்சங், எல்.ஜி. ஆகிய நிறுவனங்கள், 2015-க்குள் வி.ஜி.ஏ.வைப் படிப்படியாகக் கைவிடுவதென 2010 டிசம்பரில் அறிவித்தன. மடிக்கணினிகளிலிருந்து அது பெரும்பாலும் மறைந்தது. ஆயினும் பள்ளிகளிலும் மன்றங்களிலும் தொங்கும் புரொஜெக்டர்களிலும், விலை குறைந்த திரைகளிலும், நிறுவனங்களின் சர்வர் கணினிகளிலும் அது இன்றும் இருக்கிறது.

புதியதன் மேன்மையை மறுப்பதற்கில்லை. ஒரே கேபிளில் படமும் ஒலியும் செல்லும், வி.ஜி.ஏ.வில் ஒலி செல்லாது. இக்காலத்துத் தட்டைத் திரையை வி.ஜி.ஏ. வழியே இணைத்தால், கணினியில் எண்ணாக இருந்த படம் மின்னலையாகி, திரையில் மீண்டும் எண்ணாக வேண்டும். இருமுறை மாற்றுவதால் தெளிவு குன்றுகிறது.

எனினும் பழையதற்கும் சில குணங்கள் உண்டு. கேபிள் நீண்டுவிட்டால் அதில் படம் மங்கும், நிழல் தட்டும், ஆனாலும் தெரியும். ஒரு நிறத்துக்குரிய பின் ஒடிந்தால் அந்நிறம் மட்டும் போகும், எழுத்தைப் படித்துவிடலாம். எச்.டி.எம்.ஐ.யோ தாங்கும் அளவுவரை குறையின்றிக் காட்டி, அளவு மீறினால் திடீரென இருண்டுவிடும். மேலும், எச்.டி.எம்.ஐ.யைப் பொருத்தும் நிறுவனங்கள் ஆண்டுக் கட்டணமும் உரிமத் தொகையும் செலுத்த வேண்டும். எப்போதாவது ஒருவர் நாலு வரி எழுத்தைப் பார்ப்பதற்காக மட்டுமே திரை மாட்டப்படும் சர்வருக்குப் பழையதே போதுமன்றோ!

இவை எல்லாவற்றிலும் பெரிய காரணம் வேறொன்று. இணைப்பு என்பது இருமுனைப்பட்டது. மடிக்கணினியைச் சில ஆண்டுகளில் மாற்றிவிடுகிறோம். புரொஜெக்டர் அதைவிட நெடுநாள் உழைக்கிறது. சுவருக்குள் போன கேபிளோ சுவர் உள்ளளவும் இருக்கும். ஒரு முனையில் இருப்பவர் புதியதை வாங்கியதும் மறுமுனையும் தானே மாறிவிடுவதில்லை. அதனை மாற்றும் செலவு, வாங்கியவர் தலையில் அன்று, மறுமுனையில் இருப்பவர் தலையில் விழுகிறது. அச்செலவு இயலாத இடங்களில் எல்லாம் பழையது தங்கிவிடுகிறது. அதனைப் பிடிவாதம் என்று எண்ணியிருந்தோம். பல இடங்களில் அது வசதியின்மையே என இப்போது உணர்கிறோம்.

பங்குப் பேரவையில் இது பேச்சுக்கு வந்தபோது, புதிய புரொஜெக்டர் வேண்டும் என்றனர் சிலர். உள்ளதே போதும் என்றனர் வேறு சிலர். முடிவில், சில்லு பொருத்திய மாற்றி ஒன்றைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கினோம். மன்றத்துக்கு அடுத்து வெள்ளையடிக்கும்போது புதிய கேபிளும் இழுத்து வைப்பது என்று தீர்மானமாயிற்று.

அதற்கு முன்னரே செய்ய வேண்டிய வேலை ஒன்று நமக்கு இருந்தது. அத்தம்பியின் வீட்டுக்குச் சென்று, அவன் பெற்றோர் முன்னிலையில், "தவறு எம்முடையது, கேபிளை வாங்கியவர் நாமே" என்று சொன்னோம். அவன் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு மாலை பேராசிரியர் மீண்டும் வந்தபோது, மேடையருகே பெட்டியின் பக்கத்தில் அவனே நின்றான். திரையில் படம் வந்தது. ஓரத்தில் சிறிது நிழல் தட்டியது. தந்தையர் கட்டணத்தையும் கடைசி நாளையும் எழுதிக்கொண்டனர்.

உங்கள் வீட்டிலும் பழைய திரை ஒன்று இருந்தால் எறிந்துவிடாதீர்கள். மாற்றி வாங்குவோர், அது எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.வுக்கா, அதற்கு மறுதலையா எனக் கேட்டு வாங்குங்கள். ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. ஒலிக்குத் தனிவழி உண்டா என்றும் பாருங்கள். கூட்டம் இருப்பின், முந்தின நாளே மாட்டிப் பாருங்கள். படம் வராவிடில், செருகிய பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன் மறுமுனையில் இருப்பது என்னவென்று பாருங்கள். நாம் அதனைப் பிந்திக் கற்றோம்.