தெ காஸ்த்ரோ என்னும் பெயருக்கு அப்பால்

1706ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள் புதுச்சேரியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. தந்தை ழாக் தெயோதோர் அல்பெர், பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர். தாய் எலிசபெத் ரோசா தெ காஸ்த்ரோ. ழான் எனப் பெயர் பெற்ற அக்குழந்தைதான் பின்னாளில் ஆளுநர் துய்ப்ளேயின் மனைவியானார். பாடநூல்களில் 'டூப்ளே' என்று நாம் படித்த அதே துய்ப்ளே. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 'மதாம்' என்று அடிக்கடி எதிர்ப்படுபவரும், வரலாற்று நூல்களில் 'ஜான் பேகம்' எனப்படுபவரும் இவரே.

பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழ் உரைநடையில் கலந்த பிறமொழிச் சொற்களே என் முனைவர் பட்ட ஆய்வுப்பொருள். 1736 முதல் 1761 வரை எழுதப்பட்ட அந்நாட்குறிப்பைச் சொல்சொல்லாகப் படிக்கையில், சொற்களை விட்டுவிட்டு இப்பெண்ணின் குடிவழியைத் தேடத் தொடங்கிவிட்டேன். நெறியாளர் கேட்டால் இதெல்லாம் மூன்றாம் இயலுக்கான தரவு என்று சொல்லிக்கொள்கிறேன்.

தந்தைவழித் தேட்டம் எளிது. பிரெஞ்சு அரசு ஏடுகளின் மீது தீராக் காதல் கொண்ட அரசு. ஞானஸ்நானத்தைப் பதிவு செய்யவேண்டும் என்று 1539இலேயே ஆணையிட்டார்கள். 1667இல் ஏட்டை இரு படிகளாக வைக்கவேண்டும் என்றார்கள். கப்பலேறிப் போன இடமெல்லாம் இவ்வழக்கம் கூடவே போயிற்று. கனடாவின் கியூபெக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1663 முதல் 1673 வரை அரசரின் செலவில் அங்குக் குடியேற்றப்பட்ட ஏறத்தாழ எண்ணூறு பெண்களை 'அரசரின் மகள்கள்' என்பர். அவர்களுள் ஒருத்தியையேனும் தம் மூதாட்டி என்று சான்றோடு சொல்லக்கூடிய குடும்பங்கள் இன்றைய கியூபெக்கில் ஏராளம். பங்குக் கோயில்களின் ஞானஸ்நான, திருமண, அடக்க ஏடுகளை மொன்றியால் பல்கலைக்கழக மக்கள்தொகை ஆய்வாளர்கள் 1966 முதல் ஒன்றோடொன்று கோத்துவந்ததன் பயன் அது.

புதுச்சேரியிலும் அதே வகை ஏடுகள் உண்டு. ஆளுநராக இருந்த அல்ஃபிரெட் மர்த்தினோ 1676 முதலான பதிவுகளைச் சுருக்கி 1917இல் அச்சிட்டார். அத்தகைய ஏடுகளின் வழியாகத்தான் ழானின் வாழ்க்கையை நாள் தவறாமல் சொல்லமுடிகிறது. 1719இல், பதின்மூன்று வயதில், கம்பெனி அலுவலர் ழாக் வின்சானுக்கு வாழ்க்கைப்பட்டார். பத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள். 1739இல் கைம்மை. 1741 ஏப்ரல் 17இல் வங்கத்துச் சந்திரநாகூரில் துய்ப்ளேயுடன் மறுமணம். 1756 டிசம்பர் 4இல் பாரிசில் மரணம். பெண்களுள் ஒருவர் சென்னையில் பார்னவால் என்பவரை மணந்தார். தங்கையின் கணவர் தோத்தேய் பிரெஞ்சுப் படைத் தளபதி. இவ்வளவும் தாளில் உண்டு.

தாய்வழியோ ஒரே அடியில் நின்றுவிடுகிறது. 'தெ காஸ்த்ரோ' என்னும் பெயர் வரும்; அதற்கு மேல் ஏணி இல்லை.

அப்பெயரைக் கண்டதும் போர்த்துக்கல்லுக்குக் கப்பலேறிவிடுவது பலருடைய வழக்கம். காஸ்த்ரோ அங்கே பெருங்குடியினரின் பெயர் என்பது உண்மை. ஆனால் நம் கடற்கரையில் போர்த்துக்கீசியப் பெயர் குருதியால் மட்டும் வருவதில்லை. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர் திருமுழுக்குப் பெற்றபோது அவர்களுக்கு வாய்த்த பெர்னாண்டோவும் தா குரூசும் இன்றுவரை தூத்துக்குடியில் வழங்குகின்றன. அவர்களின் பாட்டன் லிஸ்பனில் பிறந்தவன் என்று யாரும் சொல்வதில்லை. ஞானத்தந்தையின் பெயரோ, முழுக்களித்த பாதிரியின் பெயரோ, சில வேளைகளில் வீட்டு எசமானின் பெயரோ புதிய கிறித்தவருக்குக் குடும்பப் பெயராயிற்று. ஆகவே தெ காஸ்த்ரோ என்பது எலிசபெத் ரோசாவின் முன்னோர் யார் என்பதைச் சொல்வதில்லை. அவர்கள் எந்தக் கோயில் வாசலில் நின்றார்கள் என்பதை மட்டுமே உறுதியாகச் சொல்கிறது.

அக்கோயில் வாசல் சென்னைக் கரையில் இருந்தது. மயிலாப்பூரை அடுத்த சாந்தோமில் 1520களிலிருந்து போர்த்துக்கீசியர் வாழ்ந்தனர். 1672 முதல் 1674 வரை பிரெஞ்சுக்காரர் அவ்வூரைப் பிடித்துவைத்திருந்து இழந்தனர். அதே 1674இல்தான் பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் காலூன்றினார். புதிய ஊருக்கு வந்த பிரெஞ்சு ஆடவருடன் பிரெஞ்சுப் பெண்கள் அதிகம் வரவில்லை. மனைவியர் இக்கலப்புக் குடும்பங்களிலிருந்தே கிடைத்தனர். கியூபெக்குக்கு அரசர் பெண்களை அனுப்பினார். சோழமண்டலக் கரைக்கு அந்தச் செலவு தேவைப்படவில்லை.

இக்கலப்புக் குடியினருக்குத் தமிழில் வழங்கிய பெயர் 'சட்டைக்காரர்'. ஐரோப்பிய உடை உடுத்தோர் என்பதே பொருள். கோவைக்கருகே போத்தனூர் ரயில் குடியிருப்புகளில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியரையும் எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். மலையாளத்தில் 1974இல் வந்த 'சட்டக்காரி' திரைப்படத்தின் தலைப்பும் அதுவே. இன்னொரு பெயர் 'தோப்பாசி'. தொப்பி அணிந்ததால் அப்பெயர் என்பர் ஒரு சாரார். 'துபாஷி', அதாவது இருமொழியாளன் என்பதன் திரிபு என்பர் மற்றொரு சாரார். நான் இரண்டாம் கட்சி. ழானின் கதையே அக்கட்சிக்கு என்னை இழுத்தது.

ஏனெனில் ழான் தமிழ் பேசினார். ஆளுநர் துய்ப்ளேக்குத் தமிழ் தெரியாது. கம்பெனிக்கும் நாட்டாருக்கும் இடையே பேசுவதற்கென்றே துபாஷி இருந்தார். 1746இல் தலைமைத் துபாஷி கனகராய முதலியார் இறந்தபின் அவ்விடத்திற்கு இழுபறி நடந்து, இறுதியில் அது ஆனந்தரங்கப் பிள்ளையை அடைந்தது. மதாம் அவர் பக்கம் நிற்கவில்லை. துபாஷியை நாடாமலே நாட்டாரோடு பேசவும், ஒற்றர்களை வைத்துச் செய்தி திரட்டவும், வழக்குகளில் தலையிடவும் வல்ல ஒருத்தி ஆளுநர் மாளிகைக்குள்ளேயே இருந்தால் துபாஷியின் நிலை என்னவாகும்? நாட்குறிப்பில் மதாமின் மீது பிள்ளை கொட்டும் கசப்பை அறச்சீற்றமாக மட்டுமே படிக்கும் வழக்கத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு மொழிபெயர்ப்பாளர் இன்னொரு மொழிபெயர்ப்பாளரைப் பற்றி எழுதிய வரிகள் அவை.

அதற்காக மதாமை நான் தூக்கிப்பிடிக்கவும் இல்லை. 1748இல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டதில் பாதிரிமாருடன் அவருக்கும் பங்கிருந்தது என்று பிள்ளை எழுதுகிறார். அதைப் படித்த புதுச்சேரிக்காரர் எவரும் அவரை எளிதில் மன்னிக்கமாட்டார்.

ஒரு மொழி தெரிந்திருப்பது குருதிக்குச் சான்று ஆகாது என்பது மொழியியலின் முதற்பாடம். ஆனால் பிள்ளைமொழி யார் மடியில் கற்கப்பட்டது என்ற கேள்விக்கு அது சான்றாகும். பிரெஞ்சு மருத்துவரான தந்தையின் மடியில் ழான் தமிழ் கற்றிருக்க இயலாது. தாயிடமோ, தாய் வீட்டு மனிதர்களிடமோ, ஆயாவிடமோ கற்றிருக்கவேண்டும். ('ஆயா' என்னும் சொல்லே போர்த்துக்கீசியத்திலிருந்து வந்ததுதான். சாவி, ஜன்னல், அலமாரி, கோப்பை என்று அம்மொழி நமக்குத் தந்தவற்றுள் பெரும்பகுதி வீட்டுக்குள் புழங்கும் சொற்கள். அவை படையெடுப்பின் வழியே வந்த சொற்களைப் போல் எனக்குத் தோன்றுவதில்லை.) ஏட்டில் தாய்வழி முடிந்துபோகும் இடத்தில் நாக்கில் அது தொடர்கிறது. 1934இல் இவோன் ரொபேர் கேபலே என்னும் எழுத்தாளர் ழானைப் பற்றிப் பிரெஞ்சில் ஒரு நூல் வெளியிட்டார். தலைப்பிலேயே அவரைக் 'கிரியோல்' என்கிறார். அச்சொல் எந்தப் பாட்டியையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை.

இவ்வளவையும் நான் பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறையில் ஒரு வாடகை அறையில் அமர்ந்து எழுதுகிறேன். பிறந்தது மூணாற்றுப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் லயத்தில். ழானின் தாய்வழி என்னைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் அங்கே இருக்கிறது.

இடுக்கி மாவட்டத்துத் தமிழர்களுக்குத் தெரிந்த நாள் ஒன்று உண்டு: 1950 ஆகஸ்ட் 10. பட்டியல் சாதிகளை மாநிலவாரியாக வரையறுத்த குடியரசுத் தலைவரின் ஆணை வெளியான நாள். தோட்டத் தொழிலாளியின் பேரப்பிள்ளை கேரளத்தில் சாதிச் சான்றிதழ் பெறவேண்டுமானால், தம் முன்னோர் அந்நாளுக்கு முன்பே இந்நிலத்தில் வாழ்ந்தனர் என்று காட்டவேண்டும். 2021 சட்டமன்றத் தேர்தலில் தேவிகுளம் தனித் தொகுதியில் வென்றவரின் வெற்றியை 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. அவ்வழக்கில் ஆராயப்பட்டவை தேவாலயத்தின் பழைய ஏடுகளும், அவருடைய தாத்தாவும் பாட்டியும் தோட்டத்திற்கு வந்த காலமும். கியூபெக்கில் ஓய்வுபெற்றவர்களின் பொழுதுபோக்காக இருக்கும் குடிவழித் தேட்டம் எங்கள் மலையில் வேலையையும் படிப்பையும் சட்டமன்ற இருக்கையையும் தீர்மானிக்கிறது.

ஆய்வு உதவித்தொகைக்காக நானும் அச்சான்றிதழுக்கு விண்ணப்பித்தேன். தந்தைவழித் தாள் கேட்டார்கள். வீட்டுத் தகரப் பெட்டியில் இருந்தது அப்பாவின் அப்பா பெற்ற ஒரு சம்பளச் சீட்டு. ஆண்டு 1953. மூன்றாண்டு பிந்திப்போன தாள். அதற்கு முந்தைய செக்ரோல் ஏடுகள் கிடைக்கவில்லை.

அம்மாவின் அம்மா, என் ஆச்சி, லயத்தில் பிறந்தவள். எழுதத் தெரியாது. கூட்டுமாற்றை அவள் 'வாரியல்' என்பாள். தேனிப் பக்கத்திலிருந்து வந்த பக்கத்து வீட்டார் 'சீமாறு' என்பார்கள். மெதுவாக என்பதற்கு அவளிடம் 'பைய'தான். நான் அவளை ஆச்சி என்று அழைப்பதே திருநெல்வேலிச் சீமையின் வழக்கு. மூன்று தலைமுறை மலையில் கழிந்தபின்னும் அச்சீமை அவள் பேச்சில் தேயவில்லை. எங்கிருந்து வந்தார்கள் என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்றை நான் எந்த அலுவலகத்திலும் கண்டதில்லை.

எப்போது வந்தார்கள் என்பதற்கும் அவளிடம் பதில் இருந்தது. தன் அம்மா ரயிலில் தேயிலைப் பெட்டி ஏற்றியவள் என்பாள். சிறுவயதில் இதைக் கேட்டு நாங்கள் சிரித்திருக்கிறோம். மூணாற்றில் ஏது ரயில்? இருந்தது. குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902இல் ஒற்றைத் தண்டவாளப் பாதை அமைத்தார்கள். 1908இல் அதைச் சிறு ரயில் பாதையாக மாற்றினார்கள். தேயிலை டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் போய், கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிநாயக்கனூருக்குப் போயிற்று. 1924 ஜூலைப் பெருவெள்ளம் அப்பாதையை அடியோடு கொண்டுபோயிற்று. மலையாளிகள் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்பது இதையே. கொல்லம் ஆண்டு 1099. பாதையை மீண்டும் யாரும் போடவில்லை.

ஆச்சி பிறந்தது வெள்ளத்திற்கு நெடுநாள் பின்பு. அந்த ரயிலை அவள் கண்டதில்லை. புத்தகத்தில் படித்தவளும் இல்லை. எந்தப் பெட்டி எந்த இறக்கத்தில் கவிழும், மழைநாளில் கூலியில் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதெல்லாம் தன் அம்மா வாய்ச்சொல்லாகத்தான் அவளுக்கு வந்தன. எனவே என் தாய்வழி 1924 ஜூலைக்கு முன்பே அம்மலையில் இருந்தது. கேட்கப்பட்ட நாளுக்கு இருபத்தாறு ஆண்டுகள் முன்பு. ஆனால் அது தாய்வழி, அது சொல், தாள் அன்று.

மூணாற்றில் முதல் தாள் யாருடையது என்றும் சொல்லவேண்டும். தோட்ட மேலாளர் ஹென்றி மேன்ஸ்பீல்டு நைட்டின் இளம் மனைவி எலினோர், 1894 டிசம்பரில், இருபத்துநான்கு வயதில் காலராவில் இறந்தார். குன்றின் மேல் அவரை அடக்கம் செய்தனர். அக்கல்லறைக்குக் கீழே 1910இல் அடிக்கல் நாட்டி எழுப்பப்பட்டதே கிறிஸ்து ஆலயம். அடக்கப் பதிவேட்டின் முதல் வரி எலினோர் என்பார்கள். சுற்றுலாப் பயணிகள் அவர் காதல் கதையைக் கேட்டுக் கண்கலங்குவதை ஆச்சியும் பார்த்திருக்கிறாள். "பாவம், பச்சப்புள்ள" என்பாள். அவளுக்கு அந்த வெள்ளைக்காரப் பெண்ணின் மீது எந்த மனத்தாங்கலும் கிடையாது. எனக்கும் இல்லை, பதிவேட்டைத் தவறாமல் எழுதியவர்கள் மீது எனக்கு மரியாதையே உண்டு. அதே கைகள் லயத்தின் பக்கமும் சற்றுத் திரும்பியிருக்கலாம்.

ஆச்சியின் பேச்சை நான்கு மணி நேரத்திற்கு ஒலிப்பதிவு செய்திருக்கிறேன். வட்டாரச் சொற்கள், ரயில் செய்தி, வெள்ளத்தின் ஆண்டு ஆகியவற்றை விளக்கி மூன்று பக்கக் குறிப்பு எழுதி விண்ணப்பத்தோடு இணைத்தேன். அலுவலர் பொறுமையாகப் படித்தார். நன்றாக எழுதியிருக்கிறீர்கள், தந்தைவழியில் ஏதேனும் உண்டா என்று மலையாளத்தில் கேட்டார். கோப்பு இன்னும் மேசையில் இருக்கிறது.

அடுத்த மாதம் புதுச்சேரிக்குப் போகிறேன். அல்பெர் வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவரின் ஞானஸ்நானத்திலும் ஞானத்தாயாக நின்ற பெண்களின் பெயர்களை எழுதிவரவேண்டும். தாயின் பக்கத்து உறவுப் பெண்கள் எவரேனும் ஏட்டில் நுழைந்திருந்தால், அந்த ஓரத்தில்தான் நுழைந்திருப்பார்கள்.