நான் கட்டிய பந்தயப் படகு

தோழியரே, படகு என்றதும் சுண்ணாம்பாற்றுப் படகுக் குழாமை நினைத்துக்கொள்ளாதீர்கள். நான் சொல்லப் போவது 60 சென்டிமீட்டர் நீளமுள்ள, ஆளேறாத, கரையில் நின்று வானொலி அலையால் ஓட்டப்படும் பந்தயப் படகு. இதன் மூதாதைக்கு வயது அதிகம். 1898-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நிக்கோலா டெஸ்லா என்னும் விஞ்ஞானி, தொட்டித் தண்ணீரில் கம்பியில்லாமல் ஒரு படகை ஓட்டிக் காட்டினார். நம் நாட்டில் தேசிய மாணவர் படையின் கடற்பிரிவினர் நௌ சைனிக் முகாமில் கப்பல் மாதிரிகள் செய்து போட்டியிடுகின்றனர். அப்பிரிவிலிருந்த ஓர் அக்காவின் மாதிரியைப் பார்த்த நாள் முதல் எனக்கும் இந்த ஆசை பிடித்துக்கொண்டது.

ஆசை என்னுடையது, தொழில் தெரிந்தவர் என் மாமா. கடற்கரை ஊர்களில் ஃபைபர் படகுகளைப் பழுது பார்த்து வந்தவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்து வலக்கை விழுந்துவிட்டது. அதன் பின் பாகூரில் எங்கள் வீட்டுத் திண்ணையே அவர் உலகம். பேச்சும் குறைந்துபோயிற்று. ஒட்டுப்பலகையில் செய்த படகின் உடலை ஒருநாள் அவர் முன் வைத்தேன். நெடுநேரம் தடவிப் பார்த்துவிட்டு, "தண்டு எந்தப் பக்கமா வெளிய போவுது பாப்பா?" என்று கேட்டார். பல மாதங்களுக்குப் பின் அவராகக் கேட்ட முதல் கேள்வி அது!

ரெசினும் கண்ணாடி நாரும் பூசிய பிறகு பொருத்தும் வேலை. மோட்டாரிலிருந்து விசிறிக்குச் செல்லும் எஃகுத் தண்டு ஒரு பித்தளைக் குழாய்க்குள் சுழலும். குழாய் நிறைய கிரீஸ் அடைத்தால் தண்டு வழுக்கிச் சுழலும், நீரும் உள்ளே ஏறாது. மோட்டாரும் தண்டும் ஒரே கோட்டில் இல்லையென்றால் படகு நடுங்கும், மின்சாரமும் வீணாகும். மாமா கண்ணால் பார்க்கவில்லை. இடக்கை விரல்களால் இணைப்பை மெல்லச் சுற்றி, "இங்க இடிக்குது" என்பார். நான் மோட்டாருக்கு அடியில் மெல்லிய தகடு செருகுவேன். இப்படியே மூன்று மாலைகள் கழிந்தன.

சுக்கானைப் பின்பலகையில் வலப்புறமாகத் திருகினோம். மாதிரிப் படகுப் பந்தயங்களில் வலப்புறமாகத் திரும்பியே சுற்றுவது வழக்கம். அதற்கு இதுவே வசதி. விசிறிக்குப் பின்னால் ஒரு சிறு குழல் வைத்தோம். படகின் வேகமே நீரை அதற்குள் தள்ளி, மோட்டாரைக் குளிர்வித்து, பக்கவாட்டில் பீய்ச்சும். பம்பு எதுவும் தேவையில்லை! 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நீர் விழுங்கிவிடுமாம். ஆகவே ஏற்பியின் ஆன்டெனாவை நீர்மட்டத்துக்கு மேலே நிறுத்தினோம். கவிழ்ந்தாலும் மூழ்காதிருக்க முன்மூக்கில் தெர்மாகோல் அடைத்தோம்.

எங்கள் பம்புசெட் தொட்டியில் மிதக்கவிட்டு ஒழுகுகிறதா என்று பார்த்தோம். பின்பு மின்கலத்தை முன்னும் பின்னும் நகர்த்தி, எடையின் மையம் பின்முனையிலிருந்து நீளத்தில் ஏறக்குறைய 30 சதவீதத்தில் அமையும்படி வைத்தோம். மையம் முன்னே போனால் மூக்கு நீரைக் குத்தும். பின்னே போனால் படகு துள்ளும்.

ஓட்டிப் பார்க்க எங்கே போவது? வில்லியனூர்ப் பக்கம் ஊசுட்டேரி இருக்கிறது; ஆனால் அது பறவைகளின் சரணாலயம், அங்கே இரைச்சல் ஆகாது. ஒரு ஞாயிறு மாலை பாகூர் ஏரிக்கரைக்கே போனோம். அப்பா மாமாவை வண்டியில் அழைத்து வந்தார்.

இயக்கும் கருவி துப்பாக்கி வடிவானது. இடக்கை விரல் வேக விசையை இழுக்க வேண்டும்; வலக்கை சக்கரத்தைத் திருப்ப வேண்டும். நான் கருவியை மாமாவின் இடக்கையில் வைத்தேன். என்னை ஒருமுறை பார்த்தார். சக்கரத்தை நான் பிடித்துக்கொண்டேன். அவர் விசையை இழுத்தார். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. பக்கவாட்டில் நீர் பீய்ச்சியது. "திருப்பு, திருப்பு!" என்று மாமா கத்தியதைக் கேட்டு, கரையில் ஆடு மேய்த்தவர்கள்கூட ஓடி வந்தார்கள்.

மின்கலம் தளரும்வரை அவர் விசையை விடவில்லை. வீடு திரும்பும் வழியில், "அடுத்த படகுக்கு இன்னும் மெல்லிசான பலகை வாங்கு பாப்பா" என்றார்.